கடலுக்குப் போனவர் பற்றிய செய்தி முதலில் யாருக்குப் போக வேண்டும்? தீவுக்காரர்கள் சொல்லுங்கள்

தங்கச்சிமடத்தான் | ஞாயிறு, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு புதன்கிழமை எங்கள் வீட்டில் நடந்தது இது. அண்ணன் விசைப்படகில் ஆளாகப் போகிறவர். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: ராமேஸ்வரத்தில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், திங்கள், புதன், சனி. மீதி நான்கு நாளும் நாட்டுப்படகுக்கு. காலையில் டோக்கன் போட்டுக் கிளம்பினால் மறுநாள் காலையில்தான் கரை. அன்றைக்கும் அப்படித்தான் போனார்.

இரவு பதினொன்றரை இருக்கும். ஊர் வாட்ஸ்அப் குழு ஒன்றில் பட்டியல் ஒன்று வந்தது. நெடுந்தீவுப் பக்கம் இலங்கைக் கடற்படை படகுகளைப் பிடித்துவிட்டது என்று மேலே ஒரு வரி. கீழே படகு எண்கள், ஆட்கள் பெயர். அதில் அண்ணன் பெயர் இருந்தது. நான் பார்ப்பதற்குள் பாம்பனில் இருக்கும் அண்ணியின் தங்கை பார்த்துவிட்டு, அழுதபடியே போன் போட்டிருக்கிறாள். அண்ணி அப்போது காயவைத்த நெத்திலியைத் தரம் பிரித்துச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். என்னைக்கூடக் கூப்பிடவில்லை. உப்புப் படிந்த கையில் போனைப் பிடித்தபடி, செருப்புக்கூடப் போடாமல் ரோட்டில் இறங்கி ராமேஸ்வரத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார். அந்த நேரத்துக்குப் பஸ் ஏது? நான் வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய், வில்லூண்டி விலக்குக்குப் பக்கத்தில்தான் பிடித்தேன்.

விடியும்வரை படகுத்துறையில் உட்கார்ந்திருந்தோம். ஏழு இருபதுக்கு அண்ணன் படகு வந்தது. அண்ணன் இறங்கி வந்து, 'ஏன் ரெண்டு பேரும் இங்க நிக்கிறீங்க?' என்று கேட்டார். அண்ணிக்குப் பேச்சே வரவில்லை.

நடந்தது என்னவென்றால், படகு எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் இடம் மாறிவிட்டது. யாரோ அந்தத் தப்பான எண்ணைப் பார்த்து, 'இது இன்னார் படகு, இதில் வழக்கமாகப் போகிறவர்கள் இவர்கள்' என்று பெயர்களையும் சேர்த்து எழுதிவிட்டார்கள். உண்மையில் பிடிபட்டது வேறு படகு. அந்தப் படகுக்காரர் வீட்டில் அன்றிரவு எதுவும் தெரியாமல் தூங்கியிருக்கிறார்கள். விடிந்த பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. இரண்டு வீட்டுக்கும் நடந்தது அநியாயம்.

அண்ணி அப்புறம் கேட்டது இன்னும் என் மனதில் நிற்கிறது. "ஒருத்தர் செத்தாக்கூட வீட்டாளுங்க போய்ச் சொன்னப்புறம்தானே கோவில்ல மணி அடிக்கிறாங்க? இத மட்டும் ஏன் ஊருக்கு மொதல்ல சொல்லுறாங்க?"

உங்கள் பக்கம் எப்படி? ஊர்ச் செய்தி உங்களுக்கு எந்த வழியில் வருகிறது, அதை எப்படிச் சரிபார்க்கிறீர்கள்? தீவிலும் கரையோரத்திலும் இருக்கிற எல்லோரும் எழுதுங்கள்.

அக்காள்மடம் | ஞாயிறு, இரவு 9.34

படிக்கும்போதே வயிற்றைக் கலக்குகிறது. இந்த மாதிரிக் குழுக்களையெல்லாம் மூடிவிட வேண்டும். படகுச் சங்கம் சொல்லட்டும், அரசு சொல்லட்டும். அதற்கு முன்னால் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. கடலில் இருக்கிறவன் பெயரை எழுதுவதற்கு யாருக்கு உரிமை?

தோஹா வாசி | ஞாயிறு, இரவு 10.02

தங்கச்சிமடத்து அண்ணே, அண்ணிக்கு நடந்ததற்கு வருத்தப்படுகிறேன். ஆனால் அக்காள்மடம் சொல்வதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

என் சொந்த ஊர் பாம்பன். கத்தாருக்கு வந்து ஒன்பது வருஷம். என் தம்பி ஒரு தடவை பிடிபட்டபோது எனக்கு முதலில் தெரிந்தது வாட்ஸ்அப்பில்தான். அதிகாரப்பூர்வமாகத் தெரிய மறுநாள் மதியம் ஆனது. அந்தப் பன்னிரண்டு மணி நேரம் எவ்வளவு உதவியது என்று எனக்குத்தான் தெரியும். ஆதார் நகல், மீனவர் அடையாள அட்டை நகல், படகுப் பதிவுச் சான்று எல்லாவற்றையும் அம்மாவை எடுத்து வைக்கச் சொன்னேன். எந்தப் பக்கம் கொண்டுபோனார்கள் என்று விசாரித்தேன். நெடுந்தீவுப் பக்கம் என்றால் பெரும்பாலும் காங்கேசன்துறைக்குக் கொண்டுபோய் ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் நிறுத்துவார்கள். தலைமன்னார்ப் பக்கம் என்றால் மன்னார் நீதிமன்றம். எது என்று தெரிந்தால்தான் அங்கே வழக்கறிஞர் பார்க்க முடியும், யாழ்ப்பாணத்தில் இருக்கிற இந்தியத் துணைத் தூதரகத்தில் பேச முடியும். செய்தியே வேண்டாம் என்று மூடிவைத்தால் என்னைப் போல வெளியில் இருப்பவர்கள் கை கட்டப்பட்ட மாதிரிதான்.

வேகம் வேண்டும். தப்பு நடக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து எப்படி என்றுதான் யோசிக்க வேண்டும்.

அக்காள்மடம் | ஞாயிறு, இரவு 10.11

சரி தம்பி, உங்கள் நிலைமை புரிகிறது. ஆனால் உங்கள் தம்பி விஷயத்தில் பட்டியல் சரியாக இருந்தது. தப்பாக இருந்திருந்தால் உங்கள் அம்மா என்ன ஆகியிருப்பார்? அதையும் நினைத்துப் பாருங்கள்.

பாம்பன் தெற்குத்தெரு | திங்கள், காலை 6.20

மணி பற்றி அந்தம்மா கேட்டது ரொம்பச் சரியான கேள்வி. எங்கள் பள்ளிவாசலிலும் அதே முறைதான். மௌத்து அறிவிப்பு மைக்கில் சொல்ல வேண்டுமென்றால் வீட்டிலிருந்து ஒரு ஆள் வர வேண்டும். இன்னாருடைய வாப்பா, இன்னாருடைய மாமனார், இந்தத் தெரு, அடக்கம் இத்தனை மணிக்கு என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டுதான் மைக்கைப் போடுவார்கள். கேள்விப்பட்டதை வைத்து மைக் போட்டதாக என் நினைவில் ஒரு தடவைகூட இல்லை. ஆலங்கட்டி மாதிரி மழை பெய்தாலும் வீட்டிலிருந்து ஆள் வந்தே ஆக வேண்டும்.

அதாவது அந்தக் காலத்து வழி எல்லாமே வீட்டிலிருந்து கிளம்பி ஊருக்குப் போனது. போனில் வருவது கரையிலிருந்து கிளம்பி ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் வீட்டுக்கு வருகிறது.

ராம்நாட் டீச்சர் | திங்கள், காலை 7.45

நான் தீவில் இல்லை, ராமநாதபுரம். ஆனால் மண்டபத்தில் பல வருஷம் வேலை பார்த்தேன். என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப்பேர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். ஒரு பிள்ளை காலையில் முகம் வாடி வந்தால் நான் முதலில் கேட்பது, 'அப்பா கரைக்கு வந்துட்டாரா?'

எல்லோருக்கும் ஒரே மாதிரி, சந்தேகமில்லாமல் புரிகிற செய்தி என்றால் எனக்குப் பாம்பன் துறைமுகக் கூண்டுதான் ஞாபகம் வருகிறது. பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்கு. எழுத்துத் தெரியாதவருக்கும் தெரியும். வகுப்பில் நான் இப்படித்தான் சொல்லிக்கொடுப்பேன்: 1, 2 என்றால் புயல் தூரத்தில் இருக்கிறது. 3, 4 என்றால் இங்கேயே காற்று மிரட்டும். 5, 6, 7 ஆபத்து. 8, 9, 10 பெரும் ஆபத்து. பிள்ளைகள் உடனே, 'அப்ப 11 வந்தா ஊரே போயிடுமா டீச்சர்?' என்பார்கள். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். காற்று எவ்வளவு என்று சொல்வதற்கே வழியில்லாத நிலைமை. அதைத்தான் பத்துக்கும் மேலே வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லும்போது வகுப்பு அமைதியாகிவிடும்.

ஓலைக்குடா | திங்கள், காலை 8.30

டீச்சர், கூண்டு நல்லதுதான். ஆனால் ஓலைக்குடாவிலிருந்து பார்த்தால் கூண்டு தெரியாது. எங்களுக்குக் காற்றுதான் செய்தி. வாடை பிடித்துவிட்டால் வடகடல் கொந்தளிக்கும், கச்சான் அடிக்கிற மாதத்தில் தென்கடல் நிற்க விடாது. தீவுக்கு இரண்டு பக்கமும் கடல் இருப்பதில் அது ஒரு வசதி, ஒரு பக்கம் கோபமாக இருந்தால் மறுபக்கம் கொஞ்சம் பொறுமையாக இருக்கும்.

காலையில் கடலோசை 90.4 கேட்பேன். பாம்பனிலிருந்து 2016 முதல் வருகிற மீனவர் வானொலி. காற்று வேகம், அலை உயரம் எல்லாம் நம் பேச்சிலேயே சொல்கிறார்கள். அப்பா மட்டும் இன்னும் கையில் மணலை எடுத்துத் தூவிப் பார்த்துவிட்டுத்தான் வள்ளத்தைத் தள்ளுவார்.

ஒன்று சொல்லிக்கொள்கிறேன், கோபப்படாதீர்கள். பிடிபடுகிற செய்தி மட்டும்தான் ராமேஸ்வரத்துச் செய்தி என்று வெளியூரில் ஆகிவிட்டது. விசைப்படகுகள் கடலடியில் இழுத்துப்போகிற இழுவை மடியால் எங்கள் வலை அறுந்தால் அது எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. இலங்கையில் 2017இலேயே இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். அங்கே இருப்பதும் நம்மைப் போலச் சின்னப் படகுக்காரன்தான்.

தங்கச்சிமடத்தான் | திங்கள், காலை 9.05

ஓலைக்குடா அண்ணே, கோபம் இல்லை. என் அண்ணனே அதை ஒத்துக்கொள்வார். வேறு வேலை கிடைத்தால் மடியை விட்டுவிடுகிறேன் என்று பல தடவை சொல்லியிருக்கிறார். அதற்குத் தனியாக ஒரு இழை போடுவோம், நானே ஆரம்பிக்கிறேன். இங்கே இந்த ஒன்றை மட்டும் பேசி முடித்துவிடலாம்.

பழைய கார்டு | திங்கள், பகல் 12.40

நான் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். பாம்பனில் பிறந்தவன், வயது எழுபதை நெருங்குகிறது. தம்பி எழுதியதைப் படித்ததும் எனக்கு வேறொரு ராத்திரி ஞாபகம் வந்துவிட்டது.

1964 டிசம்பர் 22. எனக்கு எட்டு வயது. அப்பா அதே லைனில் கேங்மேன். நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் 653ஆம் எண் பாசஞ்சர் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்டது. அப்புறம் நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். தனுஷ்கோடியை எட்டும் நேரத்தில் கடல் ரயிலை எடுத்துக்கொண்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். தந்திக் கம்பி, சிக்னல் எல்லாம் விழுந்துவிட்டன. பாம்பன் பாலமும் சிதைந்துவிட்டது. டீச்சர் சொன்ன அந்தப் பதினொன்றுதான், கூண்டு ஏற்றக்கூட ஆள் இல்லாத பதினொன்று.

அந்த ரயிலில் எங்கள் தெருக்காரர் ஒருவர் போயிருந்தார். அவர் மனைவிக்கு யாரும் வந்து எதுவும் சொல்லவில்லை. சொல்ல மனமில்லாமல் இருந்தார்கள் என்று நினைக்காதீர்கள். யாருக்கும் உறுதியாகத் தெரியாது, அதனால் யாரும் முன்வரவில்லை. 'தங்கச்சிமடத்தில் பார்த்தேன்' என்று ஒருவர், 'ராமேஸ்வரத்திலேயே இறங்கிட்டாராம்' என்று ஒருவர். ஆறுதலுக்காகச் சொன்னதுதான். அந்த அம்மா அத்தனையையும் நம்பினார். தண்டவாளத்தில் தள்ளுவண்டி வந்தால்கூட ஸ்டேஷனுக்கு ஓடிவருவார். இ. ஸ்ரீதரன் தலைமையில் பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள், அது இன்றைக்கும் பெருமையாகப் பேசப்படுகிற வேலை. திரும்ப ரயில் ஓட ஆரம்பித்த அன்று நாங்கள் பையன்கள் எல்லாம் கைதட்டிக்கொண்டு நின்றோம். அந்த அம்மாவும் நின்றார். ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டே கடைசிப் பெட்டிவரை போனார்.

அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்: "நான் போய்ச் சொல்லியிருக்கணும். எனக்குத் தெரிஞ்ச மட்டும், தெரிஞ்ச மாதிரி, அன்னைக்கே போய்ச் சொல்லியிருக்கணும்."

அதனால் அக்காள்மடம் சொல்கிற மாதிரி வாயை மூடிக்கொண்டிருப்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தெரிந்தவன் எழுந்து அந்த வீட்டுக்கு நடக்க வேண்டும்.

தோஹா வாசி | திங்கள், பகல் 1.15

ஐயா, இதைப் படித்துவிட்டு வேலை நேரத்தில் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

ராம்நாட் டீச்சர் | திங்கள், பகல் 2.30

கார்டு ஐயாவுக்கு வணக்கம். ரயிலும் செய்தியும் தீவில் எப்போதும் ஒன்றாகத்தான் இருந்திருக்கின்றன. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போனபோது, பத்திரிகைக் கட்டுகளை ஓடும் ரயிலிலிருந்து வீசுவார்களாம். அதைப் பொறுக்கி வீடு வீடாகப் போட்ட பையன்தான் அப்துல் கலாம். 1931இல் பிறந்தவர், அப்போது பள்ளிப் பிள்ளை. மாணவர்களிடம் இதைச் சொன்னால் நம்பவே மாட்டார்கள்.

பழைய கார்டு | திங்கள், மாலை 4.00

உண்மைதான் டீச்சர். இன்னொன்றும் உண்டு, தேதியைப் பாருங்கள். அந்தப் புயல் 22, 23 ராத்திரி. அதே டிசம்பர் 23இல்தான், 2022இல், 1914இல் திறந்த பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6இல் திறக்கும்வரை இரண்டு வருஷமும் மூன்றரை மாதமும் தீவில் ரயில் சத்தமே இல்லை. எல்லா ரயிலும் மண்டபத்தோடு அல்லது ராமநாதபுரத்தோடு நின்றுவிடும். அந்தக் காலத்தில் எனக்குக் காலையில் நேரமே தெரியாது. போட் மெயில் வந்தால் எழுந்திருப்பது, பாசஞ்சர் போனால் சாப்பிடுவது என்று அறுபது வருஷம் பழகின உடம்பு.

பழைய பாலத்தில் கப்பல் வந்தால் ஆட்கள் இரண்டு பக்கமும் நின்று கையால் நெம்பித் தூக்குவார்கள். இப்போது நடுப்பாலம் அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் மேலே போகிறது. பேரனைக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

அக்காள்மடம் | திங்கள், மாலை 5.10

ரயில் நின்றதில் எங்களுக்கும் அடி. தங்கச்சிமடம், அக்காள்மடம் பக்கம் மல்லிகை நாற்றுப் போடுகிறவர்கள் நாங்கள். மணலில் குச்சியை ஊன்றி வேர்விட்ட நாற்றைக் கட்டுக் கட்டாக வெளியூருக்கு அனுப்புவோம். மண்டபம்வரை வண்டி வைத்துக் கொண்டுபோய் ஏற்றி, வேர் காயாமல் அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இப்போது பரவாயில்லை.

கார்டு ஐயா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். மூட வேண்டும் என்று நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். என் கோபம் பெயரை எழுதியவர்கள் மேல்.

சின்னப்பாலம் பொண்ணு | திங்கள், இரவு 8.25

அண்ணன்மார்களே, கடலுக்குப் போகிறவர்கள் என்றால் ஆண்கள் மட்டும் என்றே எல்லோரும் எழுதிக்கொண்டு போகிறீர்கள். என் அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, காலில் ரப்பர் செருப்போடு மூச்சடக்கி முங்க வேண்டும். பாறை கிழித்த தழும்பு இல்லாத விரல் அம்மா கையில் ஒன்றுகூட இல்லை. மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று ஒவ்வொன்றும் கடலடியில் எந்தப் பாறைத்திட்டில் எப்போது கிடைக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். பாசி திரும்ப வளர வேண்டும் என்று மாதத்துக்குப் பன்னிரண்டு நாள் மட்டும் போவது என்று அவர்களே பேசி வைத்துக்கொண்டார்கள். 2015இல் எங்கள் சின்னப்பாலத்துப் பெண் ஒருவருக்கு அதற்காக வெளிநாட்டு விருதுகூடக் கிடைத்தது. ஊர்க் குழுவில் அன்றைக்கு எத்தனை பேர் போட்டார்கள்?

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எழுத்தில் வருகிற பட்டியல் அவருக்கு யாராவது படித்துச் சொன்னால்தான். படிப்பவர் குரலில் பதற்றம் இருந்தால் அதைத்தான் அம்மா முதலில் கேட்பார், செய்தி அப்புறம்தான். அதனால் குரல் பதிவாகப் போடுங்கள், நிதானமாகப் பேசுகிற ஒருவர் போடுங்கள் என்பது என் கோரிக்கை.

தண்ணீருக்குள் அவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒருத்தி முங்கி எழுந்ததும் பக்கத்தில் இருப்பவளுக்குக் குரல் கொடுக்க வேண்டும். குரல் வரவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவள் முதலில் தானே முங்கித் தேடுவாள், அதற்கப்புறம்தான் வத்தையில், அதாவது சின்னப் படகில், இருப்பவர்களைக் கூப்பிடுவாள்.

தங்கச்சிமடத்தான் | திங்கள், இரவு 8.50

தங்கச்சி, நீங்கள் சொன்னது சரி. எனக்குத் தோன்றவே இல்லை. மன்னித்துவிடுங்கள். குரல் பதிவு நல்ல யோசனை.

பாம்பன் தெற்குத்தெரு | செவ்வாய், காலை 6.15

குழுக்களால் நன்மை நடந்ததையும் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 20 மழை. பாம்பனில் மூன்று மணி நேரத்தில் 19 சென்டிமீட்டர் கொட்டியது. ராமேஸ்வரத்தில் அன்றைக்கு மொத்தம் 40 சென்டிமீட்டருக்கும் மேல். எங்கள் வீட்டுக்குள் முழங்கால்வரை தண்ணீர், கரண்ட் இல்லை. அன்றைக்கு ஒருவர் வந்த செய்தி எதையும் அப்படியே தள்ளிவிடாமல், தான் கண்ணால் பார்த்ததை மட்டும் போட்டுக்கொண்டே இருந்தார். 'பஸ் ஸ்டாண்ட் பக்கம் இடுப்பளவு, நான் நிற்கிறேன்.' 'இந்தத் தெருவில் தண்ணீர் இறங்குகிறது, இப்போது பார்த்தேன்.' அவ்வளவுதான். அதை நம்பித்தான் என் மாமியாரைத் தூக்கிக்கொண்டு வேறு தெருவுக்குப் போனோம். யார் என்றே எனக்குத் தெரியாது, இன்றைக்கும் துஆவில் நினைத்துக்கொள்கிறேன்.

ஓலைக்குடா | செவ்வாய், காலை 7.00

அதுதான் வழி. ஒயர்லெஸ்ஸில் கேட்டதா, கண்ணால் பார்த்ததா, யாரோ சொன்னதா என்று ஒரு வார்த்தை சேர்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். படகு எண்ணை ஒயர்லெஸ்ஸில் காற்று இரைச்சலுக்கு நடுவில் கேட்டால் இலக்கம் மாறத்தான் செய்யும். நாங்கள் ஒவ்வொரு இலக்கமாக இரண்டு தடவை கேட்டு வாங்குவோம்.

தங்கச்சிமடத்தான் | செவ்வாய், இரவு 9.30

எல்லோர் சொன்னதையும் அண்ணனிடமும் அண்ணியிடமும் படித்துக் காட்டினேன். அப்புறம் எங்கள் ஊர்க் குழு நடத்துகிற பையனைப் போய்ப் பார்த்தேன். நல்ல பையன்தான், பட்டியல் போட்டதற்கு அவனே அண்ணியிடம் வந்து வருத்தம் சொல்லிவிட்டுப் போனான். இனிமேல் படகு எண் மட்டும், ஆள் பெயர் கிடையாது. எண்ணைக் குறைந்தது இரண்டு பேரிடம் கேட்ட பிறகுதான் போடுவது. போடுவதற்கு முன்னால் அந்தந்தத் தெருவில் இருக்கிற ஒருவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். தெருவுக்கு ஒரு ஆள் பெயர் எழுதினோம். எங்கள் தெருவுக்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.

தடைக்காலம் வந்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளைக்கு இந்த வேலை இருக்காது. அதுவரை போனைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொள்கிறேன்.

பழைய கார்டு | செவ்வாய், இரவு 10.05

நல்லது தம்பி. போகும்போது தனியாகப் போகாதீர்கள், ஒரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

தங்கச்சிமடத்தான் | வியாழன், மாலை 6.40

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். நேற்று ராத்திரி அழைப்பு வந்தது.

ஒரு மணி இருக்கும். எங்கள் தெருவிலேயே கடைசி வீடு. கார்டு ஐயா சொன்னபடி அண்ணியைக் கூட்டிக்கொண்டு போனேன். கதவைத் தட்டியதும் அந்த அக்காவே திறந்தார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்ததும் புரிந்துகொண்டார். அழவில்லை. முதலில் கேட்டது, "எண்ணைச் சரியாப் பாத்தீங்களா?"

உள்ளே போய் பீரோக் கதவைத் திறந்தார். கதவின் உட்பக்கம் படகு எண்ணை மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறார். நான் போனைப் பார்த்து ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னேன், அவர் விரலை வைத்துக்கொண்டே வந்தார். கடைசி இலக்கம்வரை சரியாக இருந்தது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

ஒயர்லெஸ்ஸில் பக்கத்துப் படகுக்காரர் இரண்டு பேர் கேட்டது, யாருக்கும் அடிபட்டதாகச் சொல்லவில்லை, இதற்கு மேல் எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அந்த அக்கா எழுந்து, ஆதார், மீனவர் அட்டை எல்லாம் வைத்திருக்கிற மஞ்சள் பையை எடுத்து வந்து, "ஜெராக்ஸ் கடை எத்தனை மணிக்குத் தெறப்பாங்க?" என்று கேட்டார். எட்டு மணி என்றேன். அதுவரை நாங்கள் அங்கேயே இருந்தோம். குழுவில் எண் போனது ஒன்றே முக்காலுக்கு.

தோஹா வாசி, நீங்கள் இருக்கிறீர்களா? உங்கள் தம்பிக்கு வாதாடிய வழக்கறிஞர் விவரம் வேண்டும். தனியாக அனுப்புங்கள்.

தோஹா வாசி | வியாழன், மாலை 6.48

இருக்கிறேன் அண்ணே. எந்தக் கோர்ட் என்று தெரிந்துவிட்டதா?

தங்கச்சிமடத்தான் | வியாழன், மாலை 6.50

ஊர்காவற்றுறை.

தோஹா வாசி | வியாழன், மாலை 6.51

அனுப்பிவிட்டேன், பாருங்கள். அந்த அக்காவிடம் படகுப் பதிவுச் சான்றின் நகலையும் முதலாளியிடம் கேட்டு வாங்கி வைக்கச் சொல்லுங்கள். நாளைக் காலையில் நானும் அந்த வழக்கறிஞரிடம் பேசுகிறேன்.